ஒரே கல்லுக்கு இரண்டு எடை

தம்பி, உன் முதலாளியின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர் மதுரையில் இருக்கிறாரா, மெட்ராசில் இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது உன் முகம்தான். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்னை நம்பி எடுங்கம்மா, உங்க பையன் சொல்றதா நினைச்சுக்கங்க" என்று சொன்ன முகம். அதனால் உன்னைத்தான் கேட்கப்போகிறேன். இத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாயிற்று. வயிறு எரிகிறது. இனிமேல் முடியாது.

நான் ரவிக்கை தைக்கிறவள். என் வீட்டுக்காரர் போன பிறகு தையல் மிஷினை வைத்துத்தான் மகளைப் படிக்கவைத்தேன், கட்டிக்கொடுத்தேன். ஒரு ரவிக்கைக்கு வெட்டியது போக கையகலத் துணி மிஞ்சினாலும் தைத்த ரவிக்கையோடு சுருட்டித் திருப்பிக் கொடுக்கிறவள் நான். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காததற்காக வைத்துக்கொள்ளலாமா? அது அவர்கள் துணி. இப்படி இருந்துதான் மாதாமாதம் உங்கள் கடையில் நகைச் சீட்டுக் கட்டினேன். பதினோரு மாதம் கட்டி ஒரு சீட்டு முடியும், அடுத்ததைத் தொடங்குவேன். அது ஏன் பதினோரு மாதம் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. ஒரு வருசத்துக்கு மேல் வாடிக்கையாளர் பணத்தைப் பொருள் கொடுக்காமல் வைத்திருந்தால் சட்டப்படி அது டெபாசிட் ஆகிவிடுமாம். அதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டாம். உங்கள் பணம் சிக்கலில் மாட்டாமல் இருக்க எத்தனை கவனம் பார்த்தீர்களா! என் பணத்துக்கு அந்தக் கவனம் எங்கே போயிற்று?

2022 ஆவணி. மகளுக்குப் பதினைந்து பவுன் போடுகிறேன் என்று சபையில் வாக்குக் கொடுத்திருந்தேன். வரதட்சணை குற்றம், 1961லேயே சட்டம் வந்துவிட்டது என்று படித்தவர்கள் சொல்வார்கள். தெரியும். அந்த வழக்கை வேறொரு நாள் பேசலாம். என்னைப்போல ஒருத்தி பொண்ணைக் கட்டிக்கொடுக்க என்ன பாடு படுகிறாள் என்பதும் சட்டம் எழுதினவர்களுக்குத் தெரியட்டும்.

உங்கள் கடையில் எடுத்ததில் மற்றதெல்லாம் சங்கிலி, வளையல், தோடு. ஓர் அட்டிகை மட்டும் கல் வைத்தது. கெம்பும் பச்சையுமாக மகள் கண்ணைப் பறித்தது. நீதான் எடுத்து அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தாய். நீதான் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாய். "எங்க தங்கச்சிக்கும் இதே மாடல்தாம்மா எடுத்தோம்" என்றாய். உனக்குத் தங்கச்சி உண்டா, தம்பி? இல்லை, அதுவும் வியாபாரத்துக்குச் சொல்லிக்கொடுத்ததா?

நகையோடு தொங்கிய துண்டுச் சீட்டில் மூன்று எண்கள் இருந்தன. மொத்த எடை 43.200 கிராம். கல் எடை 1.200. நிகர எடை 42.000. எனக்கு எழுத்து சுமாராகத்தான் வரும், எண்ணிக்கையில் ஏமாற மாட்டேன். பார்த்ததுமே சந்தேகம் வந்தது. வாய்விட்டுக் கேட்டேன். "ஏன் தம்பி, இம்புட்டுக் கல்லு இருக்கு, ஒன்றே கால் கிராம்தானா?" என்று கேட்டேனா இல்லையா? நீ சிரித்தாய். "பார்க்கத்தாம்மா பெருசா தெரியும். கல்லு வெயிட்டே இருக்காது. ஹால்மார்க் நகைம்மா, கவர்மெண்ட்டே முத்திரை போட்டுத் தருது, இதுல எப்படிம்மா தப்பு வரும்?" என்றாய். கூல் டிரிங்க்ஸ் வரவழைத்தாய். மகள் குடித்தாள். நான் பணம் கட்டினேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இரண்டு வருசத்துக்கு மேல் ஓடிப்போயிற்று. மருமகன் சொந்தமாக லோடு ஆட்டோ எடுக்கலாம் என்று நகையைப் பேங்கில் அடகு வைக்கப் போனார். அங்கே மதிப்பீட்டாளர் அட்டிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கல்லுக்கு ஏழு கிராம் கழித்தார். பில்லில் 1.200 என்று போட்டிருக்கிறதே என்று மருமகன் கேட்டதற்கு, "பில்லுல ஆயிரம் போடுவாங்க சார், நான் பார்க்கிறது நகையை" என்றாராம்.

அன்று சாயங்காலம் சம்பந்தி வீட்டில் என் மகளுக்கு நடந்தது என்ன தெரியுமா உனக்கு? அடித்தார்களா என்றால் இல்லை. அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஆனால் சொல் இருக்கிறதே. "பதினஞ்சு பவுனுன்னு சபையில வாய் நிறையச் சொன்னாங்க உங்கம்மா. கல்லைச் சேத்து நிறுத்துப் பதினஞ்சா?" இவ்வளவுதான் சம்பந்தி அம்மா கேட்டார். அதற்கு அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு என் மகள் அந்த வீட்டில் எத்தனை நாள் சோற்றை விழுங்க முடியாமல் விழுங்கியிருக்கிறாள்! என்னிடம் சொல்லவில்லை. மருமகன்தான், பாவம், மனசு கேட்காமல் போன் பண்ணினார். "அத்தை, தப்பா நினைக்காதீங்க, அந்தக் கடையில ஒருக்கா கேட்டுப் பாருங்க."

நான் ஏமாற்றுக்காரியா? மிஞ்சின துணியைத் திருப்பிக் கொடுக்கிறவள், பெற்ற மகளுக்குப் போட்ட நகையில் கல்லைத் தங்கமென்று கணக்குக் காட்டினேனா? அந்தப் பழி யாருடையது? யார் செய்ததற்கு யார் தலைகுனிந்து நிற்பது?

அடகை மீட்டு எடுத்துக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தேன். வாசலில் அதே வணக்கம், அதே பன்னீர். பேங்கில் தோராயமாகத்தான் கழிப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். சரி, அப்படியே இருக்கட்டும். "இதைக் கொடுத்துட்டுக் கல்லில்லாத சங்கிலியா எடுத்துக்கிறேன்" என்றேன். பழைய நகை வாங்கும் கவுன்ட்டருக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் கல்லையெல்லாம் நெம்பி எடுத்தார். ஒரு தட்டில் தங்கம், ஒரு தட்டில் கல். தனித்தனியாக நிறுத்தார். உங்கள் கடைப் பெயர் அச்சடித்த தாளில் எழுதினார். கல் எடை 6.700. தங்கம் 36.500. "கல்லுக்கு மதிப்பு கிடையாதும்மா" என்று அதை ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்.

தம்பி, அதே கல். அதே கடை. தராசுகூட உங்கள் தராசுதான். விற்கும்போது 1.200, திரும்ப வாங்கும்போது 6.700. என் மகள் கழுத்தில் கிடந்த இரண்டு வருசத்தில் கல் முளைத்ததா? குட்டி போட்டதா?

பழைய பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அந்த மனிதருக்கு வேர்த்துவிட்டது. பாவம், அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். வாங்கும் கவுன்ட்டருக்கு உண்மையான எடை வேண்டும், விற்கும் கவுன்ட்டருக்குப் பொய்யான எடை வேண்டும் என்று ஒரே கூரைக்குக் கீழே இரண்டு நீதி வைத்திருப்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும். வித்தியாசம் 5.5 கிராம். அன்றைக்குக் கிராம் 4,800 ரூபாய். ஆக 26,400. அதன்மேல் பதினெட்டு சதவீதம் சேதாரம், 4,752. அதாவது இல்லாத தங்கத்தைச் செய்யும்போது வீணாய்ப் போன தங்கத்துக்கும் நான் காசு கொடுத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து 31,152. அதற்கு மூன்று சதவீதம் ஜி.எஸ்.டி. 934 ரூபாய்ச் சொச்சம். மொத்தம் 32,086 ரூபாய். இது போக, கல்லுக்கென்று தனியாக 3,500 ரூபாய் பில்லில் போட்டிருக்கிறது. கல்லைக் கல் என்று ஒரு தரம் விற்றீர்கள், தங்கம் என்று இன்னொரு தரம் விற்றீர்கள். திரும்பக் கொண்டுவந்தால் கல்லுக்கு மதிப்பில்லை.

ஒரு ரவிக்கைக்கு எனக்குக் கூலி என்ன தருவார்கள் என்று உனக்குத் தெரியுமா? அந்த 32,086 ரூபாயை ஊசியில் கோத்து எடுக்க எத்தனை ராத்திரி கண்விழிக்க வேண்டும் என்று யோசித்திருப்பாயா?

ஹால்மார்க் என்றாயே, அதையும் விசாரித்துவிட்டேன். 2021 ஜூன் முதல் நகைக்கு ஹால்மார்க் கட்டாயம். 2023 ஏப்ரலில் இருந்து எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கக் குறியீடு இல்லாத நகையை விற்கவே கூடாது. என் அட்டிகையில் அந்தக் குறியீடு இருக்கிறது. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டுப் பார்த்துவிட்டார்கள், 916 என்றுதான் வருகிறது. நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், சுத்தமான 22 கேரட். தங்கத்தில் ஒரு குறையும் இல்லை. தங்கம் இல்லாததைத் தங்கமென்று நிறுத்துக் கொடுத்ததில்தான் குறை. முத்திரை தங்கத்தின் தரத்துக்குத்தான் பொறுப்பு. கல் எத்தனை கிராம் என்று அந்த முத்திரை சொல்லாது. நகைக்கடைக்காரர் நிகர எடையைப் பில்லில் தனியாக எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுதினீர்கள்தான். எழுதியது பொய். தரத்தில் குறைந்தால் குறைந்த மதிப்பைப் போல இரண்டு மடங்கு நஷ்டஈடு உண்டாம். கல் எடையில் ஏய்த்தால் அந்த விதிக்குள் வராது என்கிறார்கள். எந்த ஓட்டை வழியாகப் போனால் மாட்ட மாட்டோம் என்று தெரிந்துதான் போயிருக்கிறீர்கள். அதை மறைக்க முத்திரையையே எனக்குத் திரைபோலக் காட்டினாய் நீ.

உன்னைத் தேடினேன். மேல்மாடிக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். ஏறி வந்தேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது உனக்கு. எப்படித் தெரியும் என்கிறாயா? தெரியாதவர்களைப் பார்த்தால் நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள். நீ சிரிக்கவில்லை. இரண்டு சீட்டையும் உன் முன்னால் வைத்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை, சூப்பர்வைசரைப் பார்த்தாய். "டேக்ல என்ன இருக்கோ அதைத்தாம்மா நாங்க சொல்லுவோம்" என்றாய். அப்புறம் மேனேஜர் வந்தார். மெதுவாகப் பேசச் சொன்னார். கஸ்டமர்கள் பார்க்கிறார்களாம். நானும் ஒரு காலத்தில் கஸ்டமர்தானே ஐயா? "சங்கிலி எடுங்கம்மா, சேதாரத்துல ரெண்டு பர்சென்ட் கம்மி பண்ணித் தர்றோம்" என்றார். திருடின வீட்டிலேயே திரும்பவும் சரக்கு வாங்கச் சொல்கிறார்! தங்கத்தையும் கல் கவரையும் இரண்டு சீட்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிவிட்டேன்.

படிக்கட்டில் ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். உங்கள் கடைச் சேலைதான் கட்டியிருந்தாள். "அம்மா, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. கல்லு வச்ச நகைன்னா இப்படித்தான். எங்க எல்லாருக்கும் தெரியும். கஸ்டமர் கேட்டா மட்டும் பேசு, இல்லாட்டி கல் வெயிட்டைப் பத்தி வாயே திறக்காதேன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். நான் கேட்டேனே, தாயி! நான்தான் கேட்டேனே! கேட்டவளுக்கும் பொய்தானே கிடைத்தது?

எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. கல் பதிக்கும் முன்னால் தங்கத்தை நிறுத்து, பதித்த பிறகு மறுபடி நிறுத்தால் கல் எடை தானாக வந்துவிடும். பட்டறைக்குத் தெரியும், கடைக்குத் தெரியும், டேக் எழுதினவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் காசு கொடுக்கிறவள். இதற்கு வியாபாரம் என்றா பெயர்?

நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். சம்பளம் குறைச்சல். டார்கெட். சேதாரம் கூடின நகையைத் தள்ளிவிட்டால் இன்சென்டிவ். காலையிலிருந்து ராத்திரிவரை நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோகிறது. எல்லாம் நிஜம். என் தம்பி மகனும் ஜவுளிக்கடையில்தான் நிற்கிறான், அவன் கால் வீங்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. மனுசனை உட்காரவிடுவதற்குச் சட்டம்! அப்படிப்பட்ட முதலாளிகளிடம் வேலை பார்க்கிறாய் என்று எனக்கு உன்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் உன்னை நிற்கவைத்துக் கொல்கிறவர் அவர் என்றால், அவருக்காக நீ என்னை ஏன் கொல்கிறாய்? உன் வயிற்றில் அடிக்கிறவனுக்கு என் மகள் வயிற்றில் அடித்துக் காட்டினால் உன் கணக்கு நேராகிவிடுமா? நானும் உன் அம்மா மாதிரி கூலிக்காரிதானே? காருக்குள்ளிருந்து இறங்கிவருகிறவர்களிடம் இந்தக் கல் எடை விளையாட்டு நடக்குமா? அவர்கள் தெரிந்த ஆளைக் கூட்டிவருவார்கள், கல்லைத் தனியாக நிறுத்துக் காட்டு என்பார்கள். மாட்டுகிறது எங்களைப்போல சீட்டுக் கட்டி வருகிறவர்கள்தான்.

நகைக்கடையோடு நிற்கிறதா இது? சாயம் போகாது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த சேலை முதல் அலசலில் தண்ணீரைச் சிவப்பாக்குகிறது. மிக்சி வாங்கப் போனால் எது அதிகக் கமிசனோ அதைத்தான் "இதுதாம்மா நல்லா ஓடுது" என்கிறார்கள். ரிப்பேர் என்று எடுத்துப்போனால், அதே வாய் "அது கம்பெனியைத்தான் கேக்கணும்" என்கிறது. விற்கிற வரைக்கும் கடை உங்களுடையது. விற்ற பிறகு, யாருடைய கடையோ! நடுவில் நின்று வாக்குக் கொடுத்த ஆள் எங்கே?

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட பொருள் என்றால் கட்டணம் கிடையாது என்றார்கள். ஆனால் இரண்டு வருசத்துக்குள் வந்திருக்க வேண்டுமாம். எனக்கே தெரிந்தது இப்போதுதானே, சாமி! தெரியாதபடி மறைத்தவர்களுக்கு நாள் கணக்குச் சாதகமா? போதுமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்று வக்கீலம்மா அதற்கும் ஒரு மனு சேர்த்திருக்கிறார். அளவைப் பொய்யாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் சட்டம் சொல்கிறதாம். நல்லது. சொல்லட்டும்.

உங்கள் கடையிலிருந்து பதில் வந்துவிட்டது, தம்பி. படித்துக் காட்டினார்கள். நகை கடையை விட்டுப் போன பிறகு மனுதாரர் கல்லை மாற்றியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நான்! லேசான கல்லைப் பிடுங்கிவிட்டுக் கனமான கல்லை வைத்துக்கொண்டு வந்திருக்கிறேனாம், ஐந்தரை கிராமுக்காக! சம்பந்தி வீட்டில் ஒருதரம் ஏமாற்றுக்காரி ஆனேன். இப்போது ஆணையத்தில் எழுத்துமூலமாகவும் ஆகிவிட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைகளே, இதைப் படித்தால் உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். கல் வைத்த நகையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருத்தி "கல் எவ்வளவு?" என்று கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள். சொல்ல முடியாத கடை என்றால், "எனக்குத் தெரியாதும்மா, எழுதி வாங்கிக்கங்க" என்றாவது சொல்லுங்கள். பையன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தம்பி, அந்த பில்லில் விற்பனையாளர் என்ற இடத்தில் உன் எண் போட்டிருக்கிறது. என் மகள் கழுத்தில் வைத்தபோது அது எந்தக் கல், வாங்கும் கவுன்ட்டரில் நெம்பி எடுத்தபோது அது எந்தக் கல் என்று சொல்லக்கூடிய ஆள் நீதான். சாட்சியாக உன்னைக் கூப்பிடச் சொல்லி மனுவில் கேட்டிருக்கிறோம். வேலை போய்விடும் என்று பயப்படுவாய். பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். என் மகளும் அந்த வீட்டில் பயந்துகொண்டுதான் இருக்கிறாள். வா தம்பி. கதை எதுவும் சொல்ல வேண்டாம், முதலாளியைத் திட்ட வேண்டாம். அந்தக் கல் எத்தனை கிராம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ.